பந்தி எழுந்த பிறகு இலை எங்கே போகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி வட்டாரத்தில் இருபது வருடத்துக்கு மேலாகக் கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்துவருகிறேன். உங்கள் நாளிதழைப் பெரும்பாலும் டீக்கடையில் ஓசியில்தான் படிக்கிறேன், அதை மனதில் வைத்துக்கொள்ளாமல் இந்தக் கடிதத்தைப் போடுங்கள். கோடை வந்தால் ஏதாவது ஓர் ஊரின் பெயரைப் போட்டு, குப்பைக் கிடங்கில் தீ, புகையால் பொதுமக்கள் அவதி என்று செய்தி வந்துவிடுகிறது. படத்தில் புகை இருக்கும், தீயணைப்பு வண்டி இருக்கும், துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நாலு பேர் நிற்பார்கள். அந்தக் குப்பை யார் வீட்டில் கிளம்பி அங்கே போய்ச் சேர்ந்தது என்பது மட்டும் செய்தியில் இருக்காது. அதில் ஒரு பங்கு என் அடுப்படியில் கிளம்பியது. பழியை நகராட்சி மேல் போட்டுவிட்டுப் போவது சுலபம், நானும் ரொம்ப நாள் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

ஒரு பந்தி எழுந்ததும் என்ன நடக்கிறது என்று யாரும் நின்று பார்ப்பதில்லை. கை கழுவப் போய்விடுவார்கள், அல்லது மொய் எழுதப் போய்விடுவார்கள். நான் பார்க்கிறேன், அது என் வேலை. மேசைமேல் முதலில் ஒரு பேப்பர் ரோலை விரித்திருப்போம். தொட்டால் வழவழவென்று இருக்கும், அடியில் மெல்லிசாகப் பிளாஸ்டிக் பூசியது. அதன்மேல் இலை, இலைக்குப் பக்கத்தில் சின்னத் தண்ணீர் பாட்டில், அப்புறம் ஐஸ்கிரீம் கப், பீடாவைச் சுற்றிய தாள், கை துடைத்த டிஷ்யூ. பந்தி எழுந்த அடுத்த நிமிடம் ஒரு பையன் மேசையின் ஒரு முனையில் நின்று பேப்பரைப் பிடித்துச் சுருட்ட ஆரம்பிப்பான். பாய் சுருட்டுகிற மாதிரி. பத்து இலை, பத்து இலையிலும் மீந்த சோறு, தொடாத லட்டு, பாதி குடித்த பாட்டில் எல்லாம் உள்ளே போய் ஒரு பெரிய உருட்டாக வந்துவிடும். அதைத் தூக்கி ஒரு பாலித்தீன் சாக்கில் திணித்தால் மேசை சுத்தம், அடுத்த பந்திக்கு ஆள் உட்காரலாம். ஒரு மேசைக்கு பத்து வினாடி ஆகுமா, அவ்வளவுதான்.

அந்தப் பத்து வினாடியில்தான் ஐயா எல்லாம் கெட்டுப்போகிறது. அதற்கு முந்தின நிமிடம் வரைக்கும் அந்த இலையும் சோறும் மாட்டுக்கோ மண்ணுக்கோ ஆகிற பொருள். சுருட்டின பிறகு அதை எந்தக் கொம்பனாலும் பிரிக்க முடியாது. குப்பை வண்டியில் வருகிற அக்கா கையுறை போட்டுக்கொண்டு அந்த உருட்டைப் பிரித்து, இலையைத் தனியே, பாட்டிலைத் தனியே எடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். மூன்று பந்திக்கு எண்பது தொண்ணூறு உருட்டு வரும், யார் பிரிப்பார்கள்? அப்படியே லாரி, அப்படியே கிடங்கு.

எங்கள் தாத்தா காலத்துக் கல்யாணம் எப்படி இருந்தது என்று புராணம் பாடப்போவதில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று பின்னால் போய்க்கொண்டே இருந்தால் கடைசியில் கொல்லை வரும். இங்கே வரும் சுற்றுலாக்காரர்கள் முகப்புத் தூணையும் ஆத்தங்குடிக் கல்லையும் படம் பிடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள், கொல்லைக்கு யாரும் வருவதில்லை. அங்கேதான் கழனித் தொட்டியும் எருக்குழியும் இருந்தன. அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, காய்த் தோல் தொட்டிக்குப் போகும், மாடு குடிக்கும். இலையும் சாணமும் அடுப்புச் சாம்பலும் குழிக்குப் போகும், வருடத்துக்கு ஒரு தடவை வண்டி கட்டி வயலுக்குப் போகும். வீட்டின் கடைசிக் கட்டிலேயே கணக்கு முடிந்துவிடும். இப்போது வீட்டுக் கல்யாணம் மண்டபத்துக்குப் போய்விட்டது, மண்டபத்துக்குக் கொல்லை கிடையாது, பின்னால் கார் நிறுத்துமிடம்தான் இருக்கிறது.

அதே வட்டாரத்தில் புதுவயல் பக்கம் போய்ப் பாருங்கள். வரிசையாக அரிசி ஆலைகள். நூறு கிலோ நெல்லை அரைத்தால் ஏறக்குறைய இருபது கிலோ உமி, எட்டுக் கிலோ தவிடு. ஏதாவது ஒரு ஆலைக்காரர் உமியைக் குப்பை வண்டியில் ஏற்றிப் பார்த்திருக்கிறீர்களா? உமி பாய்லருக்குப் போகிறது, சூளைக்குப் போகிறது. தவிட்டில் எண்ணெய் எடுக்கிறார்கள், எண்ணெய் எடுத்த தவிடும் தீவனத்துக்குப் போகிறது. கடலை ஆட்டுகிற செக்கில் புண்ணாக்கு மிஞ்சினால் அதற்கு அடித்துக்கொண்டு ஆள் வருகிறது. அதுவும் உணவுத் தொழில்தான், நான் செய்வதும் உணவுத் தொழில்தான். அவர்களிடம் மிஞ்சுவதற்கு விலை இருக்கிறது, ஏனென்றால் அது கலப்படம் இல்லாமல் ஒரே பொருளாக வருகிறது. என்னிடம் மிஞ்சுவதை நானே பேப்பரில் சுருட்டிக் கெடுத்துவிட்டு, எடுத்துப்போக லாரிக்குக் காசு கொடுக்கிறேன். இதில் யார் கெட்டிக்காரர் என்று நீங்களே சொல்லுங்கள்.

கிடங்குக்குப் போன சோறு சும்மா மக்கிவிடும்தானே, இயற்கைதானே என்று என் மண்டபத்துக்கார நண்பர் ஒருவர் கேட்டார். மக்காது, அதுதான் விஷயம். மேலே மேலே கொட்டி அமுக்கியதும் உள்ளே காற்று போகாது. காற்றில்லாத இடத்தில் அழுகினால் மீத்தேன் வருகிறது. நூறு வருடக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைப்போல ஏறக்குறைய 28 மடங்கு பூமியைச் சூடாக்குகிற வாயு அது. பூமி சூடாவதை விடுங்கள், நம் ஊரில் அதைச் சொன்னால் ‘இங்கே எப்போ குளிர்ந்துச்சு’ என்று கேட்பார்கள். அது எரிகிற வாயு, சமையலறையில் இருந்தால் அடுப்பில் எரியும், கிடங்கில் இருந்தால் அங்கேயே எரியும். 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடிக் கிடங்கு நாள்கணக்கில் எரிந்ததே, மேலே பிளாஸ்டிக், உள்ளே வாயு, அப்புறம் ஒரு பொறி போதாதா. சோற்றிலிருந்தும் குழம்பிலிருந்தும் இறங்குகிற கறுப்புத் தண்ணீர் வேறு. நம் பக்கம் மழைத் தண்ணீரை ஊருணியிலும் கண்மாயிலும் பிடித்து வைத்துக் குடித்து வாழ்ந்த சீமை, அதன் மேட்டில் கிடங்கு வைத்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை, பல ஊர்களில் இந்தக் கிடங்குக்குப் பெயர் உரக்கிடங்கு. போர்டிலேயே அப்படித்தான் எழுதியிருக்கும். எங்களுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் அப்படி ஒரு போர்டுக்குக் கீழே நின்று, ‘இங்கே உரம் என்ன விலை’ என்று காவலாளியிடம் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்.

ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2024ல் வெளியிட்ட கணக்கில், 2022ல் உலகம் முழுக்க 105 கோடி டன் உணவு வீணாகியிருக்கிறது. அதில் வீடுகளில் 60 சதவீதம், ஓட்டல், கேட்டரிங் மாதிரி எங்களைப் போன்றவர்கள் 28 சதவீதம், கடைகள் 12 சதவீதம். வீடுகள்தான் அதிகம் என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் கோடிக்கணக்கான வீட்டைத் திருத்துவதைவிட ஒரு வட்டாரத்தில் இருக்கிற மண்டபங்களையும் மெஸ்களையும் பலகாரக் கடைகளையும் சமையல் காண்ட்ராக்டர்களையும் திருத்துவது சுலபம். எங்களை எல்லாம் ஒரே மண்டபத்தில் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டே பேசி முடித்துவிடலாம்.

சரி, நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன், அதில் முதலில் சொதப்பியதையும் சேர்த்து.

மிஞ்சின சோற்றை மாட்டுக்குக் கொடுத்துவிடலாம் என்றுதான் எல்லோரையும்போல நானும் ஆரம்பித்தேன். பால் ஊற்றுகிற ஒருவர் ஒரு முகூர்த்தத்தன்று இரண்டு அண்டா சோறு வாங்கிப்போனார். மறுநாள் காலை அவர் மாடு எழுந்திருக்கவில்லை. வயிறு உப்பிக் கிடந்தது, அசை போடவில்லை. கால்நடை மருத்துவர் வந்ததும் முதல் கேள்வியே ‘சோறு வச்சீங்களா’ என்பதுதான். வெந்த சோறு அளவுக்கு மேல் போனால் மாட்டின் முதல் வயிற்றில் வேகமாகப் புளித்து அமிலமாகிவிடுமாம், பொங்கலுக்குப் பொங்கல் அவர் இதைத்தான் வைத்தியம் பார்ப்பதாகச் சொன்னார். அந்த மாடு பிழைக்கவில்லை. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனால் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுவதை நிறுத்திவிட்டார். காய்த் தோல், கீரைத் தண்டு, முட்டைக்கோஸ் மேல் இலை, சாப்பிடாத வாழை இலை, இதெல்லாம் மாட்டுக்கு நல்லது. சோறு கையளவு, அதற்கு மேல் கூடாது. புண்ணியம் என்று நினைத்துக் கொட்டாதீர்கள்.

அடுத்து, கொல்லையில் குழி வெட்டினேன். எங்கள் தாத்தா வெட்டின மாதிரி குழி, அதில் இரண்டு கல்யாணத்துச் சோறும் குழம்பும் ரசமும் கொட்டி மேலே மண்ணைத் தள்ளினேன். மூன்றாம் நாள் தெருவில் நடக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு ஆச்சி வாசலில் நின்றபடியே என் மூன்று தலைமுறையையும் வைதார்கள். வைதது நியாயம்தான், புழு நெளிந்து அவர்கள் வீட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அக்கா மகன் விவசாயம் படித்தவன், அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, ‘மாமா, நீங்க போட்டிருக்கிறது எரு இல்ல, ஊறல்’ என்றான். போலீஸ்காரர் யாராவது மோப்பம் பிடித்து வந்திருந்தால் நம்பியே இருக்க மாட்டார்.

தாத்தா குழியில் சோறு கொஞ்சம், இலைதழையும் சாணமும் சருகும் நிறைய. என் குழியில் எல்லாமே சோறும் தண்ணீரும். அவன் சொன்னது இதுதான்: எச்சில் உணவில் ஈரமும் தழைச்சத்தும் அதிகம், காய்ந்த பொருளில் கரிச்சத்து அதிகம். தழைச்சத்து ஒரு பங்குக்குக் கரிச்சத்து முப்பது பங்கு கிட்டத்தட்ட இருந்தால்தான் நுண்ணுயிர் ஒழுங்காக வேலை செய்யும். நமக்குத் தராசு எதற்கு, ஒரு கூடை ஈரக் கழிவுக்கு இரண்டு கூடை சருகு. சருகுக்கு நம் பக்கம் பஞ்சமா? வேம்பு, புளி, தைல மரம் என்று உதிர்ந்து கிடக்கிறது, ஆனால் தைல மர இலையை அதிகம் போடாதே, மக்க நாளாகும் என்றான். வைக்கோல் துண்டு, தென்னை நார்க் கழிவு, உமி கொஞ்சம். குழி வேண்டாம், தரைக்கு மேலே கம்பி வலை கட்டி அதற்குள் அடுக்கு, நாலு பக்கமும் காற்று போகட்டும். கையில் எடுத்துப் பிழிந்தால் பிழிந்த துணி மாதிரி ஈரம் இருக்கணும், தண்ணீர் சொட்டக் கூடாது.

நம்பிக்கை இல்லாமல்தான் செய்தேன். நாலாம் நாள் காலையில் மண்வெட்டியால் மேல் அடுக்கை விலக்கினேன், கோட்டையடுப்பில் அண்டா மூடியைத் திறந்த மாதிரி ஆவி எழும்பியது. கையை உள்ளே விட்டேன், ஐந்து எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன். ஐம்பத்தைந்து டிகிரிக்கு மேல் போயிருக்கும் என்றான் மருமகன். அந்தச் சூட்டில்தான் கெட்ட கிருமியும் களை விதையும் சாகுமாம். நாற்றமே இல்லை, மழை பெய்த கொல்லை வாசம்தான். வாரத்துக்கு ஒரு தடவை புரட்டிவிட்டோம். இரண்டரை மாதம் கழித்துப் பார்த்தால் இலை எது சோறு எது என்று தெரியவில்லை, கறுப்பாக, உதிரியாக, டீத்தூள் மாதிரி இருந்தது. ஆச்சிக்கு இரண்டு சட்டி கொண்டுபோய்க் கொடுத்தேன். மல்லிகைக்குப் போட்டார்கள். இப்போது என்னோடு பேசுகிறார்கள்.

மண்புழுவை நேராக விட்டுவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். சாம்பாரிலும் ஊறுகாயிலும் மண்புழு பிழைக்காது. உப்பு, எண்ணெய், புளிப்பு, சூடு நாலும் அதற்கு ஆகாது. முதலில் இப்படிச் சூட்டில் பாதி மக்கவைத்து, ஆறின பிறகு புழு விடலாம். காய்கறித் தோலை மட்டும் பிரித்து வைத்திருந்தால் அதைக் கொஞ்சம் வாடவைத்து, சாணத்தோடு கலந்து புழுவுக்குக் கொடுக்கலாம். தேவகோட்டைப் பக்கம் ஒரு விவசாயி, ‘உங்க குழம்புல உப்பு இருக்குமே, வயலுக்குப் போட்டா மண்ணு கெட்டுடாதா’ என்று கேட்டார். சரியான கேள்வி. அதனால்தான் சருகு இரண்டு பங்கு, அதனால்தான் நாற்றுக்குப் பக்கத்தில் போடாமல் கோடை உழவில் போட்டு மழைக்கு விட வேண்டும். செம்மண்ணும் செம்புறாங்கல்லுமாக இருக்கிற இந்தப் பூமியில் மழை பெய்தால் தண்ணீர் நிற்பதில்லை, ஓடிவிடுகிறது. கண்மாய் வண்டலும் தொழு உரமும் போட்ட காலத்தில் மண்ணுக்கு ஒரு பிடிப்பு இருந்தது. இப்போது யூரியா மூட்டை மட்டும் போகிறது, அதில் பிடிப்பு எங்கிருந்து வரும்.

எரிவாயுவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மண்டபத்துக்கு மண்டபம் பயோகேஸ் கலன் வைத்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று மேடையில் பேசுகிறார்கள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நல்ல உணவுக் கழிவு நூறு கிலோ போட்டால் தோராயமாகப் பத்துக் கன மீட்டர் வாயு கிடைக்கும். ஒரு கன மீட்டர் என்பது அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான சிலிண்டர் கேஸுக்குச் சமம். ஆக நூறு கிலோவுக்கு நாலரைக் கிலோ கேஸ், நானூறு கிலோவுக்குக் கிட்டத்தட்ட ஒரு 19 கிலோ வணிக சிலிண்டர். ஆயிரம் இலை விழுகிற கல்யாணத்தில் நான் ஒருமுறை தராசு வைத்து நிறுத்தேன், இலை, தோல், மிச்சம் எல்லாம் சேர்த்து நானூறைத் தாண்டியது. இலையைக் கழித்துப் பார்த்தாலும் பாதி சிலிண்டருக்குப் பக்கம் வரும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் கலனுக்குள் இருப்பதும் ஒரு வயிறுதான், மாட்டு வயிறு மாதிரி. தினமும் அளவாகப் போட வேண்டும். ஆடியில் கல்யாணம் இல்லை, மார்கழியில் இல்லை, கலன் பட்டினி. தையில் அடுத்தடுத்து மூன்று முகூர்த்தம் வந்தால் ஒரே வாரத்தில் ஆயிரம் கிலோ திணிப்போம், உள்ளே அமிலம் ஏறி வாயுவே வராது. பால்காரர் மாட்டின் கதைதான். மண்டபத்துக்கு மக்கு உரம்தான் சரி, கலன் வேண்டுமானால் தினம் அடுப்பெரிகிற மெஸ்ஸுக்கும் விடுதிச் சமையலறைக்கும் சரி. நாலு மெஸ்காரர்கள் சேர்ந்து ஒரு கலன் வைத்தால், கறி மெஸ்ஸின் எலும்பைத் தவிர மற்றதெல்லாம் அதில் போகும், வாயு எடுத்தபின் கலனிலிருந்து வழிகிற சாணிக் குழம்பு மாதிரித் தண்ணீர் தென்னைக்குப் போகும்.

பெரிசாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். இந்தூரில் ஒரு நாளைக்கு 550 டன் ஈரக் குப்பையை வாங்கிக்கொள்கிற ஆலை 2022 பிப்ரவரியில் திறந்தார்கள், அதில் வருகிற வாயுவில் நகரப் பேருந்து ஓடுகிறது. நூறு வருடத்துக்கு முன்னால் ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற வெள்ளைக்காரர் நம் விவசாயிகளைப் பார்த்து எரு போடும் முறையை எழுதிவைத்ததும் அதே இந்தூரில்தான், அதற்கு இந்தூர் முறை என்றே பெயர். அங்கே இயந்திரம் நன்றாக ஓடுவதற்குக் காரணம் இயந்திரம் இல்லை, வீட்டு வாசலிலேயே பிரித்து வாங்குகிறார்கள் என்பதுதான். நாம் பேப்பரில் சுருட்டிக் கொடுத்தால் அந்த ஆலையும் இரண்டு நாளில் அடைத்துக்கொள்ளும்.

பலகாரக்காரர்களை விட்டுவிட்டால் கோபித்துக்கொள்வார்கள். தேன்குழல், மகிழம்பூ முறுக்கு, சீப்புச் சீடை, அதிரசம் எல்லாம் எண்ணெயில்தான் பிறக்கின்றன, சட்டியின் அடியில் கறுத்த எண்ணெயும் அதோடு பிறக்கிறது. அதைச் சாக்கடையில் ஊற்றினால் குழாயில் கட்டி நிற்கும், எருக்குவியலில் ஊற்றினால் காற்றை அடைக்கும். மலிவாக விற்றால் இன்னொருவர் அதிலேயே வடை சுடுவார், அது அதைவிட மோசம். எண்ணெயில் கேடான பொருள் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தவே கூடாது என்பது 2018 முதல் உணவுப் பாதுகாப்பு விதி. அந்த வருடமே பழைய எண்ணெயை வாங்கிப் பயோடீசல் ஆக்குகிற திட்டமும் வந்தது. எங்கள் அடுப்படியில் ஒரு நீலக் கேன் வைத்திருக்கிறேன், ஆறின எண்ணெயை வடிகட்டி அதில் ஊற்றிவைத்தால் வாங்கிப்போக ஆள் வருகிறார், கிலோவுக்குக் காசும் கொடுக்கிறார். முதலில் சிரித்த மாஸ்டர், இப்போது கேன் நிறைந்ததா என்று அவரே பார்க்கிறார்.

இலையில் பரிமாறாத, அண்டாவிலேயே மிஞ்சின சாப்பாடு தனி. அதை எருவாக்குவது பாவம், அது மனிதர்களுக்குப் போக வேண்டும். ஆனால் சாயங்காலம் வரைக்கும் மூடாமல் வைத்திருந்து, ஆறி நூல் விட்ட பிறகு ஆதரவற்றோர் இல்லத்துக்குப் போன் செய்தால் அது தானமில்லை. கடைசிப் பந்தி உட்காரும்போதே எவ்வளவு மிஞ்சும் என்று எனக்குத் தெரிந்துவிடும், அப்போதே போன் செய்து சூடாகக் கொடுத்துவிட வேண்டும். சில வீட்டுக்காரர்கள் ‘இன்னும் ஆள் வந்தா என்ன பண்றது’ என்று நாலு மணி வரைக்கும் விடமாட்டார்கள். கௌரவம். ஐந்நூறு பேருக்கு எழுநூறு இலை ஆர்டர் கொடுப்பதும் அந்தக் கௌரவம்தான். அதைப் பற்றி நான் அதிகம் பேசினால் பிழைப்பு போய்விடும், விடுங்கள்.

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் தட்டும் கப்பும் மேசை விரிப்பும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட வகையில் வருகிறவை. 2016ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே, ஒரு நாளைக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை போடுகிற இடங்கள் ஈரக் கழிவை முடிந்தவரை தங்கள் வளாகத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். அந்தச் சராசரி என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் சில மண்டபங்கள் தப்பித்துவந்தன. வருடத்தில் எழுபது நாள்தான் கல்யாணம், அதை 365 ஆல் வகுத்தால் நூறு கிலோ வராது பாருங்கள். ஆனால் அதே 2016 விதிகளில் இன்னொரு வரியும் இருந்தது: உரிமம் இல்லாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூடினால் மூன்று வேலை நாளுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவித்து, குப்பையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். வளவில் பந்தல் போட்டுக் கல்யாணம் செய்கிற பெரிய வீடுகளுக்கும் அது பொருந்தியது. அப்படித் தெரிவித்த ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை, நானும் ஒருவருக்கும் சொன்னதில்லை.

அபராதம் போடச் சொல்லி நான் எழுதவில்லை. அபராதம் போட்டால் அதையும் சமையல் பில்லில் சேர்த்துவிடுவோம். மண்டபத்து பில்லில் ‘சுத்தம் செய்ய’ என்று ஒரு வரி இருக்கும், பார்த்திருப்பீர்கள், ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். அந்தப் பணத்தில் சம்பளம் போக மீதி லாரிக்குப் போகிறது. அதில் பாதியை வைத்து நாலைந்து மண்டபத்துக்குப் பொதுவாக ஊருக்கு வெளியே அரை ஏக்கரில் ஒரு கொட்டகை, இலை வெட்டுகிற ஒரு இயந்திரம், புரட்ட இரண்டு ஆள் வைக்கலாம். முழு இலையாகப் போட்டால் தகடு மாதிரி ஒட்டிக்கொண்டு சீக்கிரம் மக்காது, வெட்டிப் போட்டால் பாதி நாளில் மக்கும், இயந்திரம் அதற்குத்தான். சிக்ரி மாதிரி ஓர் ஆராய்ச்சி நிலையமும் ஒரு பல்கலைக்கழகமும் இருக்கிற வட்டாரம் இது. குன்றக்குடி அடிகளார் இருந்தபோது விஞ்ஞானிகளைக் கிராமத்துக்குள் அழைத்துவந்து திட்டம் போட்டு வேலை செய்து காட்டினார், நாடே திரும்பிப் பார்த்தது. அந்த அளவுக்கு வேண்டாம், ஒரு கொட்டகைதான் கேட்கிறேன்.

அதற்கு முன்னால் எங்கள் தரப்பில் ஒன்று செய்தாக வேண்டும், அந்தப் பேப்பரை நிறுத்த வேண்டும். மேசை கல்லாகவோ எவர்சில்வராகவோ இருந்தால் துடைத்தால் போதும். விரிக்காமல் முடியாது என்றால் பூச்சில்லாத வெறும் நியூஸ்பிரிண்ட் விரிக்கலாம், அது இலையோடு சேர்ந்தே மக்கிவிடும். மேசை முனையில் இரண்டு தொட்டி, பாட்டிலும் கப்பும் ஒன்றில், இலை மடித்து இன்னொன்றில். என் ஆட்கள் முதல்நாள், ‘அண்ணே, பந்திக்கு ஐந்து நிமிஷம் கூடுதலா ஆகுதுண்ணே, வீட்டுக்காரங்க திட்டுறாங்க’ என்றார்கள். மூன்றாவது கல்யாணத்தில் அது இரண்டு நிமிடமாகிவிட்டது. இலை எடுக்கிற அக்காமாருக்குத் தலைக்கு ஐம்பது ரூபாய் சேர்த்துக் கொடுத்தேன், அதுதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். ஒரு வீட்டுக்காரர் மட்டும், பேப்பர் இல்லாவிட்டால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று விடாப்பிடியாக நின்றார். அவர் வீட்டுக் கல்யாணத்தில் பேப்பர் விரித்துத்தான் சுருட்டினோம். என்னால் அந்த ஆர்டரை விட முடியவில்லை.

வருகிற தையில் ஐந்து கல்யாணம் ஒத்துக்கொண்டிருக்கிறேன், நாலில் பேப்பர் இல்லை என்று முன்பணம் வாங்கும்போதே எழுதி வாங்கிவிட்டேன். உங்கள் நிருபரை ஏதாவது ஒன்றுக்கு அனுப்புங்கள். முகூர்த்தத்துக்கு வந்து மேடையைப் படம் பிடிக்க வேண்டாம், கடைசிப் பந்தி எழுகிற நேரத்துக்கு வரச் சொல்லுங்கள். கேமராவைக் கையில் எடுப்பதற்கு முன் அவருக்கு ஓர் இலை போட்டுவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கல்யாணச் சமையல் காண்ட்ராக்டர்,
பள்ளத்தூர்.